பிள்ளையின் கோடையும் பெற்றோரின் கணக்கும்

பாடசாலைகள் மூடுவதற்கு இன்னும் சில கிழமைகள் இருக்கும்போதே எமது பெற்றோர் மத்தியில் ஒரு கேள்வி உலாவத் தொடங்கிவிடும். கோயில் மண்டபத்தில், மடைப்பள்ளி வாசலில், செருப்பு வைக்கும் இடத்தில் என்று எங்கு இருவர் சந்தித்தாலும் அதே கேள்விதான். "இந்த முறை சமருக்குப் பிள்ளையளை எதில போட்டிருக்கிறியள்?" நீச்சல், கணிதம், மிருதங்கம், கராத்தே, கணினி என்று பதில்கள் வரும். "ஒண்டிலும் போடேல்லை, வீட்டிலதான் நிக்கினம்" என்று யாராவது சொன்னால், அதைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்வார். கேட்டவரும் நோய் விசாரித்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

'போடுதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் கணக்காளன் என்பதால் அது என் காதில் சற்று அதிகமாகவே விழுகிறது. வங்கியில் காசு போடுகிறோம், சீட்டுப் போடுகிறோம், காணியில் பணம் போடுகிறோம். போட்டது ஒருநாள் பெருகித் திரும்பி வரவேண்டும் என்பதே அதன் பொருள். அப்படிப் பார்த்தால் வீட்டில் நிற்கும் பிள்ளை ஒன்றிலும் போடப்படாத காசு. வட்டியில்லாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது.

ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டின் பின்வளவில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் வாய்க்கால் வெட்டி, அதில் இலைகளை மிதக்கவிட்டு ஒரு பின்னேரம் முழுவதையும் கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பின்னேரத்துக்குப் பெறுமதி உண்டா? உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது? அந்தப் பிள்ளை பின்னாளில் என்னவாக வரப்போகிறதோ அதிலிருந்தா, அல்லது அந்தப் பின்னேரத்திலிருந்தேவா? சிறிய கேள்வி போலத் தோன்றினாலும், நாம் எமது பிள்ளைகளை யாரென்று நினைக்கிறோம் என்பது இதன் விடையில்தான் இருக்கிறது என்பது எனது எண்ணம்.

முதலில் இங்குள்ள கோடையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒன்ராறியோவில் ஜூன் கடைசியில் மூடும் பாடசாலைகள் செப்டெம்பரில் தொழிலாளர் தினத்தின் பின்னரே திறக்கும். ஏறக்குறைய பத்துக் கிழமைகள். ஜூன் பிற்பகுதியில் ரொறன்ரோவில் காலை 5.40 இற்கு முன்பே விடிந்து, இரவு 9 மணி கடந்துதான் சூரியன் மறையும். யாழ்ப்பாணத்தில் எந்த மாதமென்றாலும் ஆறு, ஆறரையை அண்டிப் பொழுது சாயும், சாய்ந்தவுடன் இருளும். விளக்கு வைக்கிற நேரம் என்பது எமக்கு ஒரு சட்டம். கால் கழுவு, திருநீறு பூசு, புத்தகத்தை எடு. இங்கு அந்தச் சட்டம் செல்லாது. "வெளிச்சம் இருக்கேக்க ஏனப்பா படுக்கோணும்?" என்று சின்னவன் கேட்டால் நியாயமான பதில் எவரிடமும் இல்லை. ஆனால் அதே ஊரில் டிசெம்பரில் மாலை 4.40 அளவில் சூரியன் போய்விடுகிறது. பனிக்கால மேலங்கி இல்லாமல், மூக்கு உறையாமல், பிள்ளை வாசற்படியில் இருந்து காலாட்டக்கூடிய மாலைகளை எண்ணிப் பார்த்தால் ஆண்டுக்கு நூறு தேறுமோ என்பது சந்தேகமே.

அந்த நூறு மாலைகளில் எமது வீடுகளில் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. மே மாதத்தில் விக்ரோறியா தினம் கழிந்து, இனி உறைபனி வராது என்ற நம்பிக்கை வந்ததும், குளிர்காலம் முழுவதும் ஜன்னலோரம் இலையுதிர்த்துக்கொண்டு நின்ற கறிவேப்பிலைச் சாடி வெளியே வரும். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் நடப்படும். அம்மம்மா ஒரு பழைய வாளியில் வல்லாரை வைப்பா. தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளின் பொறுப்பு. செடிக்குப் போவதைவிடக் கூடுதலான தண்ணீர் அவர்களின் காலுக்குத்தான் போகும். கார் நிறுத்துமிடத்துச் சீமெந்தில் வண்ணச் சோக்குக் கட்டியால் கட்டங்கள் கீறிக் கெந்தி விளையாடுவார்கள். அணிலுக்கு அரிசி வைப்பார்கள். அது திரும்பியும் பார்க்காது, எறும்புகள் வந்து தூக்கிப் போகும், எறும்பைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விடும். தெருவில் ஐஸ்கிறீம் வண்டியின் இசை கேட்டால் வாய்க்கால், எறும்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட்டம்.

எங்கள் வேலியோரம் தானாக முளைத்த ஒரு பாற்செடி நிற்கிறது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். மாமியார் அதைக் கண்டவுடன், "இது எங்கட எருக்கலையின்ர இனமெல்லோ" என்றா. அவ சொன்னது சரி. தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். ஒன்ராறியோவில் இது நெடுங்காலம் அழிக்கப்படவேண்டிய களைகளின் பட்டியலில் இருந்தது. 2014 ஆம் ஆண்டில்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். காரணம் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அதன் புழு இந்த இனச் செடிகளைத் தவிர வேறொன்றையும் உண்ணாது. கோடை முடிவில் இங்கு கூடுடைத்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிக்கோவின் மலைக்காடுகள் வரை பறந்து போகின்றன. எங்கள் ஊர் எருக்கலையிலும் அதற்கு உறவான ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். சிறுவயதில் நாங்களும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். என் மகள் அந்தப் புழுவின் முன்னால் குந்தியிருந்த நேரத்தில் இரண்டு பக்கக் கணக்குச் செய்திருக்கலாம் என்பது உண்மைதான்.

இனி என் தொழிற் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் எம்மவர் பலருக்கு வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறேன். பெற்றோர் வேலைக்குப் போகும் குடும்பங்களில், கோடைப் பகல்நேர முகாமுக்குக் கட்டிய பணத்தைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகக் காட்டலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரையும், அதற்கு மேல் பதினாறு வயது வரை 5,000 டொலர் வரையும் பொதுவான உச்சவரம்பு. இதைவிட முன்னர் இன்னொரு சலுகையும் இருந்தது. 2007 இல் மத்திய அரசு பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கென்று ஒரு வரிச்சலுகை கொண்டுவந்து, 2016 ஆம் வரியாண்டோடு நிறுத்திவிட்டது. அதன் நிபந்தனைகள் சுவையானவை. பயிற்சி குறைந்தது எட்டுக் கிழமைகள் நடக்கவேண்டும், முகாமென்றால் தொடர்ந்து ஐந்து நாள் நடக்கவேண்டும். மேற்பார்வை இருக்கவேண்டும். பணம் கட்டிப் பதிந்திருக்கவேண்டும். பின்வளவில் மூச்சு வாங்க ஓடிய பிள்ளைக்கு அதில் இடமில்லை. அது ஓடியது உடற்பயிற்சி அன்று, வெறும் ஓட்டம்.

சட்டத்தைக் குறைசொல்ல வரவில்லை. பற்றுச்சீட்டு இல்லாததை வரித் திணைக்களம் எப்படிப் பார்க்கும்? ஒருமுறை ஒரு தகப்பன் ஏழு முகாம்களின் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கினார். பக்கத்தில் இருந்த அவரது மகன், எட்டு வயது இருக்கும், தானும் எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "அங்கிள், நான் வீட்டில நிண்ட கிழமைக்கும் ஒரு ரிசீற் வேணுமோ?" நாங்கள் இருவரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கிழமை எங்கே எழுதப்படும் என்பது அவனுக்கு உண்மையான சந்தேகம்.

கணக்கியலில் மாணவர்கள் ஆரம்பத்திலேயே கற்கும் வேறுபாடு ஒன்றுண்டு. மூலதனச் செலவு, வருமானச் செலவு என்பது அது. இயந்திரம் வாங்கினால் அது சொத்து. வரும் ஆண்டுகளில் பயன்தரும் என்பதால் ஐந்தொகையில் ஏறும். தொழிலாளிக்குக் கொடுத்த தேநீர் அந்த ஆண்டிலேயே தீர்ந்துபோகும் செலவு. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல அதில் ஒன்றும் இல்லை. தேநீர் வீண் என்று எந்தக் கணக்காளனும் சொல்லமாட்டான். அது குடித்த அன்றே தன் வேலையைச் செய்துவிட்டது, அவ்வளவுதான். எமது பெற்றோர் பிள்ளைப் பருவம் முழுவதையும் மூலதனச் செலவாகவே எழுதப் பார்க்கிறோம். பிள்ளை ஐந்து வயதில் செய்வதெல்லாம் இருபத்தைந்து வயதில் பலன் தரவேண்டும், இல்லாவிட்டால் அது நட்டம். இந்தப் பதிவுதான் தவறு என்கிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். சர்வதேசக் கணக்கியல் நியமம் 38 இன்படி ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பைச் சொத்தாகப் பதிய முடியாது. நம்பகமாக அளக்க வழியில்லை என்பது அதற்கு ஒரு காரணம். நன்மதிப்பே இல்லை என்று அதற்குப் பொருளல்ல என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் முதலாம் பகுதியில், குழந்தையை நல்வாழ்வு வாய்க்கப்பெற்றது என்று சொல்ல முடியாது என்கிறார். அதற்கு இன்னும் வயது வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பின்னாளில் அது அடையப்போவதை எண்ணித்தான் சொல்கிறார்களாம். எமது பெற்றோர் பலர் அரிஸ்டோட்டிலை வாசிக்காமலே அவர் கட்சியில் இருக்கிறார்கள். மறுபக்கத்தில் பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ. 1762 இல் வெளிவந்த 'எமீல்' என்ற நூலில் அவர் வைக்கும் வாதம் எளிமையானது, கூர்மையானது. வருமோ வராதோ தெரியாத ஓர் எதிர்காலத்துக்காகக் கையிலிருக்கும் நிகழ்காலத்தைப் பலியிடும் கல்வி கொடுமையானது என்கிறார். அவர் காலத்து ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகளில் பெரும் பங்கு வளர்ந்து ஆளாகுமுன்பே இறந்துபோயின. ஆகவே அது அவருக்கு வெறும் தத்துவப் பேச்சு அன்று. (தமது ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் விட்டுவிட்ட மனிதர் இதைச் சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். சொன்னவரின் நடத்தை வேறு, சொன்னதன் உண்மை வேறு.)

இன்று கனடாவில் வாழும் ஒருவர் ரூசோவுக்கு இலகுவாகப் பதில் சொல்லிவிடலாம். அந்தக் காலம் போய்விட்டது, தடுப்பூசி வந்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் ஆளாவார்கள், ஆகவே எதிர்காலத்துக்கே எல்லாம் என்று. வேறு எவரும் அப்படிச் சொல்லலாம். எம்மால் சொல்ல முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே பதுங்குகுழி இருந்தது. பனங்குற்றி அடுக்கி, மேலே மண் மூட்டை போட்டது. 1990 இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்று இல்லாத வீடு குறைவு. விமானச் சத்தம் கேட்டால் உள்ளே, ஓய்ந்தால் வெளியே. வெளியே வந்தவுடன் நாங்கள் செய்தது என்ன? விட்ட இடத்திலிருந்து போளை அடித்தோம். கிளித்தட்டில் யார் அவுட் என்று சண்டை பிடித்தோம். பதுங்குகுழியின் படிகளே எங்களுக்கு ஒரு கடை. மண் மூட்டையிலிருந்து கொட்டியது சீனி. 1991 இல் இலங்கையும் கனடாவும் ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டன. அதன் 31 ஆம் உறுப்புரை விளையாட்டும் ஓய்வும் பிள்ளையின் உரிமை என்கிறது. நாங்கள் அந்த வருடம் அந்த உரிமையைக் குழிக்கும் முற்றத்துக்கும் இடையில் அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

1995 செப்டெம்பர் 22 ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலை மீது விமானக் குண்டு விழுந்தது. மதிய நேரம். மரநிழலில் நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். 2009 இல் வன்னியிலிருந்து உயிரோடு மீண்ட என் உறவினர் ஒருவர் சொன்னது இன்னொன்று. மாத்தளன் கடற்கரை மணலில், ஷெல் அடி சற்று ஓய்ந்த வேளைகளில், பிள்ளைகள் குழிகளிலிருந்து ஏறி வந்து மணலில் வீடு கட்டி விளையாடுவார்களாம். தாய்மார் கத்திக் கூப்பிடும்வரை விளையாடுவார்களாம். அந்தப் பிள்ளைகளில் எல்லோரும் மே மாதத்தைக் கடக்கவில்லை.

இப்போது என் கேள்வியை அந்த மணலில் வைத்துப் பாருங்கள். பிள்ளைப் பருவத்தின் பெறுமதி முழுவதும் பின்னர் வரும் வாழ்க்கையில்தான் இருக்கிறது என்றால், பின்னர் ஒன்றும் வராத அந்தப் பிள்ளைகள் விளையாடிய நேரத்தின் பெறுமதி பூச்சியம். முதலிட்டது திரும்பவில்லை என்று எழுதி மூடிவிடவேண்டிய கணக்கு அது. எம்மில் எவராவது அப்படி எழுத ஒப்புவோமா? அந்தத் தாய்மாரிடம் போய், உங்கள் பிள்ளை மணல்வீடு கட்டிய அந்தக் காலை நேரம் வீண் என்று சொல்வோமா? மாட்டோம். அந்தக் காலை நேரம் அந்தப் பிள்ளைக்கு முழுமையாக நடந்தது. அதன் பின்னால் என்ன வந்தாலும் வராவிட்டாலும் அதை யாரும் கழித்துவிட முடியாது. இதை ஒப்புக்கொண்டால், உயிரோடு பாதுகாப்பாக ஸ்காபரோவில் வாய்க்கால் வெட்டும் பிள்ளையின் பின்னேரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். இறந்த பிள்ளையின் விளையாட்டுக்கு ஒரு சட்டம், இருக்கும் பிள்ளையின் விளையாட்டுக்கு வேறு சட்டம் என்று இருக்க முடியாது.

எமது முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் என்ற நூல்வகையை வாசகர்கள் அறிவீர்கள். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடியது பலருக்கு நினைவில் இருக்கும். பிள்ளைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுவது மரபு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்பவை பொது. பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. தலையை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது, மணல்வீட்டை உதைப்பது, பறை தட்டுவது, தேர் இழுப்பது, ஊஞ்சல் ஆடுவது. பெரும்பாலும் வெளியில் நடக்கும் காரியங்கள். ஏடு தொடக்கும் பருவம் என்று ஒன்று அந்தப் பத்தில் இல்லை! விஜயதசமிக்கு வரிசையில் நின்று ஏடு தொடக்குகிற நாம் இதைச் சற்று யோசிக்கலாம். கல்வியை உயிராக மதித்த சமுதாயம்தான் அது. ஆனாலும் தெய்வத்தைப் பிள்ளையாக்கிப் பார்க்க நினைத்த புலவருக்கு, அந்தப் பிள்ளை படித்து முன்னேறுவதைப் பாடவேண்டும் என்று தோன்றவில்லை. சிற்றில் கட்டியதே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு சமாதானம் வரும். விளையாட்டும் நல்லதுதானே, அதிலும் பயன் இருக்கிறதே என்பார்கள். உண்மை. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த ஓர் ஆய்வு 2015 இல் வெளியானது. பாதிப் பாடசாலைகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் நேரம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பாடசாலைகளில் 39 வீதத்துக்கு மேல். கண்ணாடிக் கடைக்குப் போய்வரும் எம்மவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கனேடியக் குழந்தை மருத்துவச் சங்கமும் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மரம் ஏறுவது, வேகமாக ஓடுவது, சற்று ஆபத்துக் கலந்த வெளி விளையாட்டுகள் பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் வேண்டியவை என்று அது சொல்கிறது. விழுந்தால் முழங்கால் உரசும் என்பதை ஏற்றுக்கொண்டே சொல்கிறது.

இவையெல்லாம் நல்ல செய்திகள். ஆனால் நாம் இவற்றை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். சரி, கண்ணுக்கு நல்லதாம், 40 நிமிடம் வெளியில் விடுவோம் என்று நிமிடக் கணக்கு வைக்கிறோம். அதே பேரேட்டில் இன்னொரு வரி. நாளைக்கு ஒரு பேராசிரியர் வந்து, மண் அளைவதால் ஒரு பயனும் இல்லை என்று நிரூபித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உடனே பிள்ளையை உள்ளே கூப்பிட்டுவிடுவோமா? பேரப்பிள்ளை தோளில் சாய்ந்து தூங்குவதால் என்ன நன்மை என்று எந்த அம்மம்மாவும் ஆய்வு கேட்டதில்லை.

இதனால் எதிர்காலத்துக்குப் பிள்ளைமேல் உரிமையே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளக்கூடாது. உண்டு. நல்ல உரிமை உண்டு. பல்லைத் தீட்டச் சொல்வது எதிர்காலம்தான். தமிழ் வகுப்புக்கு அழுதாலும் கொண்டுபோய் விடுவது அதற்காகத்தான், நானும் விடுகிறேன். ஏரிகள் நிறைந்த இந்த நாட்டில் நீச்சல் பழக்காமல் விடுவது சரியல்ல. பின்வளவில் வைக்கும் பிளாஸ்ரிக் நீர்த்தொட்டியில் சில அங்குலத் தண்ணீரிலேயே சிறுபிள்ளை மூழ்கிவிடலாம். ஆகவே பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும், முடிந்ததும் கவிழ்த்துவிடவேண்டும். அதில் தத்துவம் பேச இடமில்லை. றூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால், திரும்பி வந்ததும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தலைமயிர், கமக்கட்டு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்கவேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி அங்கு இருக்கிறது. இவற்றையெல்லாம் எதிர்காலம் கேட்கலாம். கேட்பதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடவேண்டும். அந்த மிச்சத்துக்கும் காரணம் காட்டு என்று கேட்கத்தான் அதற்கு உரிமை இல்லை.

முகாம்களையும் நான் பழிக்கவில்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையை எங்கே விடுவது? நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு மேல்வீட்டுக்காரர் பின்வளவைத் தருவதில்லை. பதினெட்டாம் மாடியில் இருப்பவருக்கு முற்றம் என்பது பூங்காதான். நல்லவேளையாக நகரசபைப் பூங்காக்களில் தண்ணீர் பீய்ச்சும் தளங்கள் இலவசம், மாலையில் அங்கே போனால் எமது பிள்ளைகளின் சத்தம் தனியாகக் கேட்கும். வசதி குறைந்தவருக்குத்தான் அந்தப் போட்டிக் கேள்வி, எதில் போட்டிருக்கிறீர்கள் என்பது, ஆகவும் கூர்மையாகக் குத்துகிறது. போடுவதற்குப் பணம் இல்லாததால் பிள்ளையின் கோடையே பாழாகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று சொல்லவேண்டிய கடமை எமக்கு இருக்கிறது.

கடமை என்றவுடன் கடன் நினைவுக்கு வருகிறது. பிள்ளைப் பருவத்தை முதலீடாக எழுதினால், இரட்டைப் பதிவு முறையில் மறுபக்கத்திலும் ஒரு பதிவு விழுந்தே ஆகும். முதலிட்டவர் இருந்தால் கடனாளியும் இருக்கவேண்டும். அந்தக் கடனாளி பிள்ளைதான். "உனக்காகத்தான் நாங்கள் நாட்டை விட்டு வந்தனாங்கள்" என்ற வசனம் எத்தனை வீடுகளில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் ஒலிக்கிறது! இது உண்மைதானா என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. நான் வந்தபோது எனக்குத் திருமணமே ஆகவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தேன். அகதி விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினேன், அதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் பிறக்காத இருவருக்காக வந்தேன் என்று இப்போது கணக்கை மாற்றி எழுதினால் எந்தக் கணக்காய்வாளரும் ஆதாரம் கேட்பார். பிள்ளைகளோடு ஓடிவந்தவர்கள் நிலை வேறு. அவர்கள் சொன்னால் அதில் உண்மை இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளும் கையொப்பம் வைத்துக் கடன் வாங்கவில்லை.

பதினாறு, பதினேழு வயதில் எமது பிள்ளைகள் எம்மிடமிருந்து விலகிப் போகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். கோயிலுக்கு வருகிறார்கள் இல்லை, வீட்டில் வாய் திறக்கிறார்கள் இல்லை என்கிறோம். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கடன்காரரோடு சாவகாசமாக இருந்து கதைக்க ஒருவருக்கும் மனம் வராது என்பதும் அவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறா. இரவில் தொழிற்சாலை வேலை. பகலில் மூன்று மணித்தியாலம் கண்ணயர்ந்தால் பெரிது. மாலையில் இரண்டு பிள்ளைகளும் முன்வாசலில் விளையாட, அவ தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் இருப்பா. விளையாட அவவுக்குத் தெம்பில்லை. கண் பாதி மூடியிருக்கும். பிள்ளைகள் இடைக்கிடை ஓடிவந்து ஒரு கல், ஒரு மஞ்சள் பூ, ஒரு செத்த வண்டு என்று கொண்டுவந்து காட்டும். அவ வாங்கி மடியில் வைப்பா. போன கோடையில் ஒருநாள் என்னிடம், "தம்பி, மற்றத் தாய்மார் எவ்வளவு செய்யினம், நான் சும்மா இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றா. சும்மா இருக்கவில்லை அக்கா என்று சொன்னேன். அவ நம்பினதாகத் தெரியவில்லை. அதற்குள் சின்னவன் ஒரு ஓட்டைக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி என்று நீட்டினான். குடிப்பதுபோலப் பாவனை செய்தோம். சீனி கூடிப்போச்சு என்று அவ சொல்ல, அவன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஊற்றிவர ஓடினான்.